தின்று வளரும் நீலம், ஊட்டி வளரும் நீலம்

ஐரோப்பியப் புல்வெளிகளில் பறக்கும் லார்ஜ் ப்ளூ, அல்கான் ப்ளூ இரண்டும் பெங்காரிஸ் பேரினத்தைச் சேர்ந்த வண்ணத்துப்பூச்சிகள், நெருங்கிய சொந்தங்கள். இறக்கையை விரித்தால் ஓரளவு பிரித்துவிடலாம்: லார்ஜ் ப்ளூவின் முன்னிறக்கையில் கறுப்புப் பொட்டுகள் இருக்கும், ஆண் அல்கானுக்கு நீலமும் கறுப்புக் கரையும்தான். ஆனால் பெரிய வித்தியாசம் மண்ணுக்கடியில் இருக்கிறது.

லார்ஜ் ப்ளூ, தைம் செடியின் பூமொட்டில் முட்டையிடும். அல்கானுக்கு ஜென்ஷியன், அந்த நீல மொட்டில் உப்புக்கல் ஒட்டியதுபோல அதன் வெள்ளை முட்டைகள் பளிச்சென்று தெரியும். இரண்டின் புழுக்களும் கொஞ்ச நாள் பூவைத் தின்றுவிட்டுத் தரையில் விழுந்து காத்திருக்கும். அவற்றின் உடம்பு வாசனை மிர்மிகா எறும்புகளின் குஞ்சுப்புழு வாசனையைப் போலவே இருப்பதால், நம் வீட்டுக் குழந்தை வெளியே கிடக்கிறதே என்று எறும்பு தூக்கிக்கொண்டு போய்விடுகிறது.

அப்புறம்தான் பாதை பிரிகிறது. லார்ஜ் ப்ளூ புழு உள்ளே போனதும் எறும்புக் குஞ்சுகளைத் தின்னத் தொடங்கும், அதுவும் பெரியதாகப் பார்த்து முதலில், சின்னவை வளரட்டும் என்று விட்டுவைத்து. இப்படித் தின்பதால் ஒரு புற்றில் பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் பிழைக்கும். அல்கான் புழுவோ காக்கைக் கூட்டில் வளரும் குயில் குஞ்சு மாதிரி, எறும்புகளே வாயோடு வாய் வைத்து ஊட்டுகின்றன. வறண்ட புல்வெளியில் வாழும் அல்கான் வகையை ஆராய்ந்தபோது, அது ராணி எறும்பின் ஒலியையே எழுப்புவது தெரிந்தது. பஞ்சம் வந்தால் எறும்புகள் சொந்தக் குஞ்சைக் கொன்று இதற்கு ஊட்டுமாம்! ஒரே புற்றில் பல அல்கான்கள் வளர முடிவது இதனால்தான். எனக்கு இதுதான் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது.

இரண்டுக்கும் பொதுவான ஆபத்து, சரியான எறும்பு இல்லாவிட்டால் எல்லாம் போச்சு. 1950களில் பிரிட்டனில் ஒரு நோய் முயல்களைக் கொன்று குவித்தது, மேய ஆளில்லாமல் புல் வளர்ந்தது, நிழல் விழுந்து மண் குளிர்ந்தது, வெதுவெதுப்பு தேடும் மிர்மிகா சபுலெட்டி எறும்பு குறைந்தது. அதை நம்பியிருந்த லார்ஜ் ப்ளூ 1979இல் அங்கே அழிந்தேபோனது. காரணத்தைக் கண்டுபிடித்தவர் வண்ணத்துப்பூச்சி ஆய்வாளர் ஜெரமி தாமஸ். அதன்பின் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இப்போது அவை வாழும் மேடுகளில் கால்நடைகளை மேயவிட்டுப் புல்லைக் குட்டையாக வைத்திருக்கிறார்கள்.