நடுவர் எப்போதும் எதிரணி ஆள்தானா?

1993 மே 27 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸும் டொரான்டோ மேப்பிள் லீஃப்ஸும் மோதிய ஆட்டத்தை டொரான்டோ ரசிகர்கள் இன்றும் மறக்கவில்லை. வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். போட்டியின் அரையிறுதிக் கட்டம், தொடரின் ஆறாவது ஆட்டம். 4–4 என்று சமனாகி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருந்தது. அப்போது வேன் கிரெட்ஸ்கியின் மட்டை டொரான்டோவின் டக் கில்மோர் முகவாயில் பட்டு ரத்தம் வந்தது. விதிப்படி கிரெட்ஸ்கி வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவர் கெர்ரி ஃப்ரேசர் அதைப் பார்க்கவில்லை. துணை நடுவர்களான லைன்ஸ்மேன்களிடம் கேட்டார், அவர்களிடமிருந்தும் உறுதியான பதில் வரவில்லை. சற்று நேரத்தில் அதே கிரெட்ஸ்கி வெற்றி கோலை அடித்தார். ஏழாவதும் கடைசியுமான ஆட்டத்திலும் டொரான்டோ தோற்றது. 1967க்குப் பிறகு இறுதிச்சுற்றையே எட்டாத அணி அது. தான் அதைத் தவறவிட்டதை ஃப்ரேசர் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். அதனால் கோபம் தணிந்துவிட்டதா என்றால், இல்லை.

பார்க்காமல் விடுவது ஒன்று, வேண்டுமென்றே விடுவது இன்னொன்று. ரசிகரின் மனம் முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு மிக எளிதாகத் தாவிவிடுகிறது. அந்தத் தாவல் எப்படி நடக்கிறது என்பதை உளவியலாளர்கள் வெகுகாலமாக ஆராய்ந்து வருகிறார்கள். நடுவர்களின் முடிவுகளைப் புள்ளிவிவரக்காரர்களும் குடைந்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் விடை கொஞ்சம் வேடிக்கையானது. நடுவரிடம் சாய்வு இருக்கிறது. ஆனால் ரசிகர் சொல்லும் திசையில் இல்லை.

இந்த ஆட்டத்தில் ஒரு விசிலின் மதிப்பு என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். சாதாரணத் தவறு செய்த ஆட்டக்காரர் 2 நிமிடம் பெனால்ட்டி பாக்ஸில் உட்கார வேண்டும். அவருடைய அணி ஐந்து பேருக்கு எதிராக நான்கு பேரோடு சமாளிக்கும். எதிரணிக்குக் கிடைக்கும் இந்த 'பவர் பிளே' ஏறக்குறைய ஐந்தில் ஒருமுறை கோலாகிறது. இரு அணிகளும் சேர்ந்தே சுமார் 6 கோல் அடிக்கும் ஆட்டத்தில் இது சின்ன விஷயமில்லை. ரசிகர் கொதிப்பதில் நியாயம் உண்டு.

ஆனால் ஒரே ஆட்டத்தைப் பார்த்துவிட்டு இரு தரப்புமே 'எங்களுக்கு அநியாயம்' என்று வீடு திரும்புகிறார்களே, அது எப்படி? இதற்கான பழைய ஆய்வு அமெரிக்கக் கால்பந்திலிருந்து வருகிறது. 1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மத் பல்கலைக்கழக அணிகள் மோதின. முரட்டு ஆட்டம். பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரருக்கு மூக்கு உடைந்தது, டார்ட்மத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹாட்லி கான்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் ஆட்டத்தின் படச்சுருளை இரு பல்கலைக்கழக மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, கண்ணில் படும் விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த மீறல்களாக டார்ட்மத் மாணவர்கள் குறித்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் குறித்தார்கள். ஞாபகப் பிசகு என்று இதைத் தள்ளிவிட முடியாது. படம் கண்முன் ஓடிக்கொண்டிருந்தபோதே எழுதியவை இவை. 1954இல் வெளிவந்த இந்த ஆய்வு சொன்னது இதுதான்: அவர்கள் ஒரே ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வேறுவேறு கருத்துக்கு வரவில்லை, பார்த்ததே வேறுவேறு ஆட்டம்.

ஐஸ் ஹாக்கியில் இது இன்னும் மோசமாகத்தான் இருக்கும். பந்துக்குப் பதிலாக இருக்கும் 'பக்' என்ற ரப்பர் வட்டு மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் பறக்கக்கூடும். உடலால் மோதுவதே விதிக்குட்பட்டது என்பதால், எந்த மோதல் தவறு என்பது அளவைப் பொறுத்த விஷயம். மட்டையால் கொக்கி போடுவது, பக் இல்லாதவரை மறிப்பது எல்லாம் எந்த நிமிடமும் ஏதோ ஓரிடத்தில் லேசாக நடந்துகொண்டேதான் இருக்கும். எதற்கு விசில் ஊதுவது என்று நடுவர் தேர்ந்தெடுக்கிறார். இப்படித் தெளிவில்லாத இடத்தை ரசிகரின் ஆசை நிரப்பிவிடுகிறது. நம் ஆள் விழுந்தால் இடறிவிட்டவனின் மட்டை கண்ணுக்குத் தெரியும். எதிராளி விழுந்தால் நடிப்பு தெரியும். நடிப்புக்கும் விதிப்புத்தகத்தில் தனியாகப் பெனால்ட்டி இருப்பதால் அந்தச் சந்தேகத்துக்குச் சட்ட அங்கீகாரமே இருக்கிறது!

ஞாபகமும் சும்மா இருப்பதில்லை. ஷாய் டேவிடாய், தாமஸ் கிலோவிச் இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர்கள் தமக்கு வந்த தடைகளைக் கிடைத்த உதவிகளைவிட அதிகம் நினைவில் வைக்கிறார்கள் என்று காட்டினார்கள். அதற்கு அவர்கள் வைத்த உவமை காற்று. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பவர் ஒவ்வொரு மிதியிலும் அதை உணர்கிறார், பின்காற்று இரண்டு நிமிடத்தில் மறந்துபோகிறது. நமக்குச் சாதகமாக வந்த பெனால்ட்டியில் கோல் விழுந்தால் அது நம் வீரரின் திறமை. நமக்கு எதிரான பெனால்ட்டியில் கோல் விழுந்தால் அது நடுவர் போட்டது.

அப்புறம் தற்செயல் என்று ஒன்று இருக்கிறது. நடுவருக்குப் பதிலாக நாணயத்தைச் சுண்டிப் பெனால்ட்டி கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஆட்டத்தின் முதல் ஐந்து பெனால்ட்டியும் நம் அணிமீதே விழ வாய்ப்பு 32இல் 1. ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து பெனால்ட்டியாவது வரும் என்று கொண்டால், சதியே இல்லாமல் ஒவ்வோர் அணிக்கும் வருடத்துக்கு இரண்டு மூன்று இரவுகள் இப்படி அமையும். அந்த இரவுகளில் ரசிகருக்கு நாணயத்தைப் பற்றி யார் விளக்குவது?

உண்மையான ஆட்டங்கள் நாணயத்தைப் போலவும் நடப்பதில்லை என்பதுதான் முக்கியமான செய்தி. என்.எச்.எல். பெனால்ட்டிகளை வரிசையாக ஆராய்ந்த மைக்கேல் லோபஸ், கெவின் ஸ்னைடர் ஆகியோர் 2013இல் காட்டியது இது: ஓர் அணிக்கு அதிகப் பெனால்ட்டி ஏறிவிட்டால், அடுத்தது மற்ற அணிக்கு விழும் வாய்ப்பு கூடுகிறது. அதாவது நடுவர்கள் கணக்கைச் சமன் செய்யும் பக்கம் சாய்கிறார்கள். திட்டமிட்டு என்றும் சொல்ல முடியாது. மூன்று முறை ஒரே அணியைத் தண்டித்த மனிதருக்கு, நாலாவது சந்தேகமான மோதலில் கை தானாகவே தயங்கலாம்.

அரங்கின் கூச்சலும் இதில் சேர்ந்துகொள்ளும். இங்கிலாந்துக் கால்பந்தில் ஆலன் நெவில் குழு 2002இல் வெளியிட்ட சோதனையில், தகுதி பெற்ற 40 நடுவர்கள் ஒரே ஆட்டத்தின் 47 மோதல்களைத் திரையில் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். பாதிப் பேருக்கு ரசிகர் சத்தம் உண்டு, மீதிப் பேருக்கு மௌனம். சத்தம் கேட்டவர்கள் உள்ளூர் அணிமீது சொன்ன தவறுகள் சுமார் 15 சதவீதம் குறைவு. சீருடையின் நிறம்கூட ஆராயப்பட்டிருக்கிறது. கறுப்புச் சீருடைக்கு மாறிய பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸுக்குப் பெனால்ட்டி கூடியதாக 1988இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு சொன்னது. பின்னால் வந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. நான் அதைப் பெரிதாக நம்ப மாட்டேன்.

சமன் செய்யும் சாய்வை உலகமே காதால் கேட்ட நாள் 2021 மார்ச் 23. நாஷ்வில், டெட்ராய்ட் அணிகளின் ஆட்டத்தில் நடுவர் டிம் பீலின் மைக் அணைக்கப்படவில்லை. அது பெரிய தவறு ஒன்றும் இல்லை, ஆனாலும் நாஷ்வில் மீது சீக்கிரமே ஒரு பெனால்ட்டி போட்டுவிட நினைத்தேன் என்ற பொருளில் அவர் பேசியது நேரடி ஒளிபரப்பில் போய்விட்டது. அடுத்த நாளே என்.எச்.எல். அவரை இனி எந்த ஆட்டத்துக்கும் அழைக்க மாட்டோம் என்று அறிவித்தது. அவர் ஓய்வு பெற ஒரு மாதம்தான் பாக்கி இருந்தது. 'பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோமே' என்றார்கள் ரசிகர்கள். அந்தப் பேச்சில் நாஷ்வில் மீது வெறுப்பு எதுவும் இல்லை. ஆட்டத்தைக் கைக்குள் வைத்துக்கொள்ள விரும்பிய ஒருவரின் குரல்தான் அது.

சரி, சமன் செய்தால் யாருக்கு நஷ்டம்? ஒழுங்காக ஆடுகிற அணிக்கு. ஒரு பக்கம் பன்னிரண்டு முறையும் மறுபக்கம் நான்கு முறையும் மட்டையால் கொக்கி போட்டிருந்தும் பெனால்ட்டி 3–3 என்று முடிந்தால், அதுதான் உண்மையான அநியாயம். ஆனால் அந்த ஆட்டத்தில் யாரும் கூச்சல் போட மாட்டார்கள். பெனால்ட்டி 5–1 என்று பலகையில் தெரிந்தால்தான் அரங்கம் பொங்கும், அந்தக் கணக்கு சரியாகவே இருந்தாலும்.

நடுவர்களை அதிகமாக்கினால் தீருமா? 1998–99 பருவத்தில் சில ஆட்டங்களில் இரண்டாவது நடுவரை இறக்கிப் பார்த்தார்கள். பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட் அந்தப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து, பெரிய மாற்றம் இல்லை என்று கண்டார். இருந்தாலும் இரண்டு நடுவர் முறையே நிலைத்துவிட்டது.

2019 ஏப்ரல் 23 அன்று இரண்டு நடுவர்களும் இருந்தார்கள். சான் ஹொசே ஷார்க்ஸ், வேகஸ் கோல்டன் நைட்ஸ் அணிகள் மோதிய தொடரின் முடிவைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டம். வேகஸ் 3–0 என முன்னிலை. வேகஸின் கோடி ஈக்கின் தள்ளியதில் தடுமாறிய ஜோ பவல்ஸ்கி, இன்னொரு வீரர் மீதும் மோதி விழுந்து, தலை பனித்தரையில் அடிபட்டு ரத்தம் சிந்தினார். தள்ளியது அவ்வளவு பலமானதில்லை, விளைவுதான் பயங்கரம். நடுவர்கள் 5 நிமிடப் பெனால்ட்டி கொடுத்தார்கள். இந்த வகைப் பெனால்ட்டியில் கோல் விழுந்தாலும் தண்டனை நேரம் முடியாது. ஷார்க்ஸ் சுமார் 4 நிமிடத்தில் 4 கோல் அடித்து, கடைசியில் கூடுதல் நேரத்தில் 5–4 என்று ஜெயித்தது. லீக் தன்னிடம் மன்னிப்புக் கேட்டதாக வேகஸ் பொது மேலாளர் பிறகு சொன்னார். அடுத்த பருவத்திலிருந்து 5 நிமிடப் பெனால்ட்டிகளை நடுவர்கள் வீடியோவில் மறுபார்வை செய்யும் விதி வந்தது. கொக்கி போட்டதற்கும் இடறிவிட்டதற்கும் கொடுக்கும் 2 நிமிடப் பெனால்ட்டிக்கு அந்த வசதி கிடையாது. சமன் செய்யும் சாய்வு பெரும்பாலும் வேலை செய்வது அங்கேதான்.