கார்டு இல்லாத குட்டி கேமிங் பிசி: ரேம் ஏன் ரெண்டா வாங்கணும்

பத்து வயசு புள்ள மைன்கிராஃப்ட், ரோப்லாக்ஸ், ராக்கெட் லீக் ஆடுறதுக்கு ஒரு பிசி வேணும், விலையும் கம்மியா இருக்கணும், டேபிள் மேல எடத்தையும் அடைக்கக் கூடாதுன்னா நான் சொல்ற மொத வார்த்தை கிராபிக்ஸ் கார்டை மறந்துடுங்கங்கிறதுதான். சின்ன பட்ஜெட்ல பெரிய செலவு அதுதான், அதிகமா சூடாகறதும் அதுதான், கேபினெட்டைப் பெருசாக்குறதும் அதுதான். அதுக்குப் பதிலா கிராபிக்ஸையும் உள்ளேயே வச்சிருக்குற பிராசஸர் வாங்கிக்கலாம். ஏஎம்டி 2021ல விட்ட ரைசன் 5 5600ஜி இதுக்கு நல்ல உதாரணம், ஆறு கோர், அதுக்குப் பக்கத்துலயே அதே சில்லுல ஏழு யூனிட் வேகா கிராபிக்ஸ், கூலரும் பெட்டிக்குள்ளயே வந்துரும்.

உடனே யாராவது ஒருத்தர் வந்து "அந்த கிராபிக்ஸ் யூடியூப் பாக்கத்தான் ஆகும்"னு சொல்லுவாரு. அவர் பாத்த மெஷின்ல பெரும்பாலும் ஒரே ஒரு ரேம் ஸ்டிக் (மதர்போர்டுல சொருகுற மெமரி பட்டை) இருந்திருக்கும். இந்த மாதிரி பிசியோட தலையெழுத்தே ரேம்லதான் இருக்கு, அது எப்படின்னு பாப்போம்.

ஃபுல் எச்டி ஸ்கிரீன்ல 1920ஐ 1080ஆல பெருக்குனா 20,73,600 புள்ளி வருது. ஒரு புள்ளியோட நிறத்துக்கு 4 பைட், அப்போ ஒரு படத்துக்கு 8.3 எம்பி. செகண்டுக்கு 60 படம் காட்டணும்னா சுமார் 500 எம்பி, ஒரு படத்துக்கு கெடைக்கிற நேரம் 16.7 மில்லிசெகண்ட். இவ்ளோதானான்னு தோணும், ஆனா இது கடைசியா ஸ்கிரீனுக்குப் போற சரக்கு மட்டும்தான். ஒரு புள்ளிக்கு என்ன கலர்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி சுவர் மேல ஒட்டுற படத்தை, அதாவது டெக்ஸ்சரைப் படிக்கணும், அந்தச் சுவருக்கு முன்னாடி மரம் எதுவும் நிக்குதான்னு ஆழத்தை சரி பாக்கணும், நிழலுக்குன்னு மொத்தக் காட்சியையும் இன்னொரு தடவை வரையணும், வரைஞ்ச எடத்துலயே மறுபடி மறுபடி வரைஞ்சு எழுதி படிச்சு எழுதின்னு போய் அந்த 500 எம்பி பல பத்து ஜிபியா வளந்து நிக்கும்.

தனி கார்டுன்னா அதுக்குன்னே சொந்த மெமரி கார்டு மேலயே ஒட்டியிருக்கும், பழைய ஜிடிஎக்ஸ் 1650 கூட செகண்டுக்கு 128 ஜிபி அதுல இருந்து இழுக்கும். 5600ஜிக்கு அப்படி சொந்தமா எதுவும் கெடையாது, மதர்போர்டுல சொருகுற சாதாரண ரேமைத்தான் பிராசஸர் கோர்களோட பங்கு போட்டுக்கணும். அந்த ரேம் ஒரு சேனல்ல, அதாவது பிராசஸருக்குப் போற ஒரு பாதையில, ஒரு தடவைக்கு 64 பிட், அதாவது 8 பைட் அனுப்பும். டிடிஆர்4ங்கிற ரேம் வகையில 3200ன்னு போட்டிருந்தா செகண்டுக்கு 320 கோடி தடவை, பெருக்கினா 25.6 ஜிபி. ரெண்டு ஸ்டிக்கை ரெண்டு சேனல்ல போட்டா 51.2. ஒத்த ஸ்டிக்னா பாதிப் பாதை சும்மா கெடக்கும், கேமைப் பொறுத்து செகண்டுக்கு வர்ற படத்துல, அதாவது ஃபிரேம்ல, மூணுல ஒரு பங்கு வரைக்கும்கூட போயிடும்.

சமையல்கட்டுல சோறு மலையா குவிஞ்சிருக்கு, பந்தில ஏழு பேரு எலையப் போட்டு உக்காந்தாச்சு, ஆனா வாளி தூக்க ஒரே ஆளுன்னா எப்படி இருக்கும், அந்த நெலமைதான். இன்னும் ரெண்டு மூட்டை அரிசி ஆக்குனாலும் எலைக்கு ஒண்ணும் வராது, இன்னொரு ஆளு வாளி தூக்கணும். அதனாலதான் 16 ஜிபி ஒத்த ஸ்டிக்கை விட 8ம் 8மா வாங்குனது நல்லா ஓடும், 32 ஜிபியை ஒத்த ஸ்டிக்கா போட்டாலும் கதை மாறாது.

கடைல அசெம்பிள் பண்றவங்க "இப்போ ஒண்ணு போட்டுக்கலாம், பின்னாடி இன்னொண்ணு சேத்துக்கலாம்"னு சொல்லுவாங்க, கார்டு போட்ட பிசிக்கு அது பரவால்ல, இதுக்கு ஒத்துக்காதீங்க. நாலு ஸ்லாட் இருக்குற போர்டுல பிராசஸர் பக்கத்துல இருந்து எண்ணி ரெண்டாவதும் நாலாவதும் வழக்கமா சரியான ஜோடி, போர்டோட மேனுவல்ல படம் போட்டிருக்கும், மொத ரெண்டுலயோ கடைசி ரெண்டுலயோ சொருகிட்டா ரெண்டும் வழக்கமா ஒரே சேனல்ல போய் உக்காந்துரும், வாங்குன காசு வீண். அடுத்தது பயாஸ், பிசி ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்னாடி போய்ப் பாக்குற போர்டோட செட்டிங்ஸ் பக்கம். 3200ன்னு எழுதியிருக்குற ரேம் பல போர்டுல மொதல்ல 2133லயோ 2666லயோதான் ஓடிட்டு இருக்கும், அங்க எக்ஸ்எம்பிங்கிற செட்டிங்கை ஆன் பண்ணினாத்தான் சொன்ன வேகத்துக்கு வரும். டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கம் போனா ஸ்பீடு தெரியும், டெலிவரி எடுக்கும்போதே அதைக் காட்டச் சொல்லுங்க. அதே பயாஸ்ல கிராபிக்ஸுக்குன்னு 2 ஜிபி ஒதுக்கி வைக்கலாம், சில கேம் அது இல்லன்னா தகராறு பண்ணும், ஆனா ஒதுக்குற அளவை ஏத்திட்டே போனா வேகம் ஏறாது, விண்டோஸுக்குத்தான் ரேம் பத்தாமப் போகும்.

பேர்லயும் கவனம் வேணும். ரைசன் 5 5500ங்கிறது 5600ஜியோட அதே சில்லுதான், ஆனா கிராபிக்ஸை முடக்கி விக்கிறாங்க. வெறும் 5600லயும் கிராபிக்ஸ் இல்ல, இன்டெல்ல எண்ணுக்குப் பின்னாடி எஃப் இருந்தா அதுலயும் இல்ல. விலை கொஞ்சம் கம்மியேன்னு வாங்கிட்டு வந்தா ஸ்கிரீன்ல ஒண்ணுமே வராது.

இனி கேம் பக்கம். அக்கா பையன் மைன்கிராஃப்ட்ல எவ்ளோ தூரம் வரைக்கும் வரைஞ்சு காட்டணும்ங்கிற ரெண்டர் டிஸ்டன்ஸை எட்டுல இருந்து 32க்கு இழுத்து விட்டுட்டு "மாமா, இவ்ளோ நேரம் நல்லாத்தானே ஓடுச்சு, இப்போ ஏன் திக்குது"ன்னு கேட்டான். அவன்கூட உக்காந்து பேப்பர்லயே கணக்குப் போட்டோம். மைன்கிராஃப்ட் உலகம் சங்க் சங்கா பிரிஞ்சிருக்கு, ஒரு சங்க் 16க்கு 16 பிளாக், உயரம் இப்போ 384, காத்தையும் சேத்து எண்ணினா 98,304 பிளாக். டிஸ்டன்ஸ் எட்டுன்னா நம்மளைச் சுத்தி 17க்கு 17, அதாவது 289 சங்க், ரெண்டே முக்கால் கோடி பிளாக்குக்கு மேல. 32ன்னா 65க்கு 65, 4,225 சங்க், 41 கோடிக்கு மேல! டிஸ்டன்ஸ் நாலு மடங்கு, வேலை கிட்டத்தட்ட 15 மடங்கு. பையன் கண்ணை விரிச்சு "அப்போ 12 வச்சா எவ்ளோ"ன்னு அவனே பெருக்க ஆரம்பிச்சான், 625 சங்க்னு சொல்லிட்டு 12லயே செட் பண்ணிக்கிட்டான். சோடியம்னு கேமோட சேத்துப் போடுற ஒரு இலவச மாட் இருக்கு, மைன்கிராஃப்டோட ஜாவா எடிஷன்ல வரையுற வேலையை ஒழுங்கா அடுக்கிக் குடுக்கும், இந்த மாதிரி மெஷினுக்கு அது கண்டிப்பா போடணும். கனமான கேம்னா ரெசல்யூஷனை 1280க்கு 720ஆ இறக்குங்க, 9,21,600 புள்ளிதான், பாதிக்கும் கம்மி.

ஸ்டோரேஜ் எஸ்எஸ்டிதான், பேச்சே இல்ல. 7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க்ல தட்டு சுத்தி வரக் காத்திருக்குறதே சராசரி நாலு மில்லிசெகண்ட், தலை நகர்ற நேரம் தனி, எஸ்எஸ்டில சுத்துற தட்டே கெடையாது.

அளவுக்கு வருவோம். மினி ஐடிஎக்ஸ்ங்கிற சின்ன மதர்போர்டு 17 சென்டிமீட்டர் சதுரம், வியா கம்பெனி 2001ல கொண்டு வந்தது, பாக்க அழகா இருக்கும் ஆனா விலை கூட. காசு முக்கியம்னா 24.4 சென்டிமீட்டர் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டும் சின்ன கேபினெட்டும் போதும். அதைவிட மலிவா, ஆபீஸ்ல இருந்து கழிச்சு விட்ட ஒரு லிட்டர் சைஸ் மினி பிசி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எடங்கள்ல கெடைக்கும், திங்க்சென்டர் டைனி, ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எலைட்டெஸ்க் மினி. அதுல ரைசன் புரோ, கடைசில ஜிஇன்னு முடியுற பிராசஸர் (கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும், கம்மி பவர்ல ஓடும்) கெடைச்சா விடாதீங்க. இந்த மினி பிசில லேப்டாப் ரேம்தான் போடணும், நெறைய மெஷின்ல ஒத்த ஸ்டிக்தான் இருக்கும், மூடியக் கழட்டி அதே அளவு இன்னொண்ணு சொருகுங்க.

சின்னப் பெட்டின்னாலே சூடு பெரிய கேள்வி. ஹீட்சிங்க் பிராசஸரை ரூம் சூட்டுக்குக் கீழ கொண்டு போகாது, ரூமை விட இத்தனை டிகிரி மேலன்னுதான் நிறுத்தி வைக்கும், அந்த இத்தனை டிகிரிங்கிறது பிராசஸர் இழுக்குற வாட்டைப் பொறுத்தது. ஏசி ரூம்ல 24 டிகிரில 75 காட்டுற பிராசஸர் மே மாசம் 38 டிகிரி ஹால்ல 90ஐ எட்டிப் பாக்கும், 95ல 5600ஜி தானே வேகத்தைக் குறைச்சுக்கும். ரூமை மாத்த முடியாது, வாட்டை மாத்தலாம். 65 வாட் பிராசஸரை பயாஸ்ல 45 வாட்டுக்கு இறக்கிடுங்க. இங்க கிராபிக்ஸ் பெரும்பாலும் ரேமுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கு, அதனால பவரைக் குறைச்சாலும் ஃபிரேம் கொஞ்சம்தான் இறங்கும், ஆனா சூடு நல்லா இறங்கும், ஃபேன் சத்தமும் அடங்கும்.