வின்டேஜ் என்றால் பழசா?

போன கிழமை திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் நாலு பேர் ஒரே போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றோம். இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போர்க்கால ஹரிக்கேன் போர்விமானம் ஒன்று விற்பனைக்கு வந்திருந்தது. 14,000க்கும் மேல் கட்டப்பட்ட விமானம். இன்று பறக்கக்கூடியவை மிகச் சிலவே. விளம்பரத்தில் 'வின்டேஜ்' என்று போட்டிருந்தார்கள். "பழைய பிளேன் எண்டு சொன்னா முடிஞ்சுதே மச்சான்" என்றான் ஒருவன்.

முடியாது. அந்தச் சொல்லுக்குள் பழமை பிறகுதான் வந்து சேர்ந்தது.

லத்தீனில் 'வினும்' என்றால் திராட்சை மது, 'தேமெரே' என்றால் எடுத்தல். இரண்டும் சேர்ந்த 'விந்தேமியா' திராட்சை அறுவடையைக் குறித்தது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'வின்டேஜ்' ஆனது. முதலில் அறுவடை, அப்புறம் குறிப்பிட்ட ஓர் ஆண்டின் அறுவடையில் வடித்த மது, பிறகு எந்தப் பொருளும் உருவான காலம். நல்ல ஆண்டின் சரக்கு என்ற பெருமையும் கூடவே ஒட்டிக்கொண்டது.

நமக்கும் இது தெரிந்த விஷயம்தான். கந்தளாய் நெல் வாங்கும்போது பெரும்போகமா சிறுபோகமா, எந்த வருடத்தது என்று கேட்கிறோமே, அதே கேள்வி. விமானம் வாங்குபவர்களும் கட்டிய ஆண்டையும் தொடர் எண்ணையும்தான் முதலில் பார்க்கிறார்கள்.

கார் பிரியர்கள் இதில் கண்டிப்பு: 1919 முதல் 1930 வரை செய்தவையே வின்டேஜ். அந்தக் கணக்கில் 1935இல் முதன்முதல் பறந்த ஹரிக்கேனுக்கு இடமில்லை. விமானப் பிரியர்கள் அவ்வளவு இறுக்கிப் பிடிப்பதில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பழைய' போதாது, தேய்ந்த செருப்பும் பழையதுதான். 'தொன்மை' கோணேசர் கோயிலுக்குச் சொல்ல வேண்டியது, தொண்ணூறு வருட இயந்திரத்துக்கு அது மிகை. 'பழம்பொருள்' கண்ணாடி அலமாரியை நினைவூட்டுகிறது. இதுவோ இன்னும் பறக்கிறது. எனக்குப் பிடித்தது 'பழம்' என்று முன்னால் சேர்ப்பது. பழந்தமிழ், பழம்பாடல், பழம்பெரும் கலைஞர் என்று மதிப்போடு பேசும் இடங்களில் அது தானாக வருகிறது. கனியைக் குறிக்கும் 'பழம்' வேறு சொல்தான். ஆனாலும் திராட்சைத் தோட்டத்தில் பிறந்த சொல்லுக்கு இப்படியொரு தமிழ் அமைவது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆகவே 'பழம்போர்விமானம்'. மதிப்புள்ள பழைய போர்விமானம் என்றும் பிரிக்கலாம், பழைய போரின் விமானம் என்றும் பிரிக்கலாம். ஹரிக்கேனுக்கு இரண்டும் பொருந்தும். 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்க வந்தபோது, சீனன்குடா விமானத்தளத்திலிருந்து எழும்பி எதிர்த்து நின்றவை ஹரிக்கேன்கள்தான்.

கடைக்கார ஐயா கை துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினார். படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, "அப்பு சொன்ன பிளேன் இதுதானோ?" என்று கேட்டார்.