நைட்மேரில் குதிரை இல்லை

கெட்ட கனவைக் குறிக்கும் 'நைட்மேர்' என்ற ஆங்கிலச் சொல்லை இரவு, குதிரை என்று பிரித்துப் பொருள் சொல்பவர்கள் நிறைய. 'மேர்' என்றால் பெண் குதிரை என்பது சரிதான், ஆனால் அந்த மேர் வேறு. பழைய ஆங்கிலத்தில் தூங்குகிறவர் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து மூச்சை அடைக்கும் ஒரு பேய்க்கு ஏறக்குறைய அதே பெயர். பிரெஞ்சில் கெட்ட கனவைக் குறிக்கும் 'கோஷ்மார்' என்ற சொல்லின் பின்பாதியிலும் இதே பேய்தான் இருக்கிறது.

1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி, இரவில் நெஞ்சில் பாரம் அழுத்துவது போன்ற நோய் என்றுதான் நைட்மேருக்குப் பொருள் தருகிறது. 1781இல் ஹென்றி ஃபியூசிலி வரைந்த 'நைட்மேர்' என்ற ஓவியத்திலும் மல்லாந்து கிடக்கும் பெண்ணின்மேல் ஒரு குட்டிப் பிசாசு குந்தியிருக்கும். (திரையை விலக்கிக்கொண்டு ஒரு குதிரையும் எட்டிப் பார்க்கும். மனிதர் அதையும் விடவில்லை!) கெட்ட கனவு என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

மனநல மருத்துவரான எனக்கு அந்தப் பழைய பொருள்தான் தேவைப்படுகிறது. "கெட்ட கனவு வருமா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "அமுக்குவான் பேய் அமுக்குமா?" என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள். நைட் ஷிப்ட் பார்க்கும் இளைஞர் ஒருவர் சொன்னது: "கண்ணு திறந்திருக்கு டாக்டர், ஃபேன் சுத்துறது தெரியுது. கை கால் அசையல. அம்மான்னு கத்துறேன், சத்தமே வரல." தலையணைக்கு அடியில் இரும்புத் துண்டு வைத்திருந்தார்.

இதன் பெயர் தூக்க முடக்கம். கனவில் ஓடும்போது கட்டிலில் இருந்து விழாமலிருக்க, மூளை கைகால் தசைகளைப் பூட்டி வைக்கிறது. பூட்டு திறக்குமுன் விழிப்பு வந்துவிட்டால் இந்த அவஸ்தை. மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் வேலை செய்வதால் மூச்சு நிற்காது. ஆனால் ஆழமாக இழுக்கப் பார்த்தால் நெஞ்சுத் தசைகள் ஒத்துழைக்காது. பேயின் பாரம் அதுதான். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்துக்குள் தானாக விலகிவிடும், உயிருக்கு ஆபத்தில்லை.

தூக்கம் கெடுவதும் ஷிப்ட் மாறுவதும் மல்லாந்து படுப்பதும் இதை வரவழைக்கும். ஒருக்களித்துப் படுங்கள். அமுக்கும்போது எழப் போராடாமல் ஒரே ஒரு விரலை அசைக்கப் பாருங்கள். இரும்பு இருந்தால்தான் தூக்கம் வரும் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பகலிலும் அடக்க முடியாத தூக்கம், வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் தொய்வது என்றெல்லாம் இருந்தால் அது நார்கோலெப்ஸி என்ற தூக்க நோயாக இருக்கலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள், மந்திரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.