விட்ட காய்ச்சல் திரும்பி வந்தால்

சாரல் காலத்தில் கம்பம், கூடலூர், போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறுகிறவர்களிடையே சளிக்காய்ச்சல் வேகமாகப் பரவும். பெரும்பாலோருக்கு மூன்று நான்கு நாளில் விட்டுவிடும். அதைவிடக் கவனிக்க வேண்டியது, தேறி வேலைக்குப் போன பிறகு, ஒன்றிரண்டு வாரத்துக்குள் திரும்பி வரும் காய்ச்சல்.

மூச்சுக்குழாயின் உள்சுவரில் உள்ள நுண்ணிய இழைகள் தூசியையும் கிருமியையும் சளியோடு மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். சளிக்காய்ச்சலைத் தரும் இன்ஃபுளுயன்சா வைரஸ் அந்த இழைகளைத் தாங்கும் செல்களையே அழிக்கிறது. காய்ச்சல் நின்றாலும் அவை மறுபடி முளைக்கச் சில வாரம் ஆகும். அந்த இடைவெளியில், மூக்கிலும் தொண்டையிலும் சும்மா கிடந்த நியூமோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாக்கள் தடையின்றி நுரையீரலுக்குள் இறங்குகின்றன. 1918 இன்ஃபுளுயன்சா பெருந்தொற்றில் இறந்தவர்களில் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது இப்படிப் பின்னால் வந்த நிமோனியாதான். பீடியும் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் விறகுப் புகையும் இழைகளை மேலும் முடக்கும்.

நடுக்கத்தோடு காய்ச்சல், துருநிறச் சளி, மூச்சை இழுத்தால் ஒரு பக்கம் குத்தும் வலி ஆகியவை நிமோனியாவின் அறிகுறிகள். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் சோர்வும் குழப்பமும் மட்டும் வரலாம். பாராசிட்டமால் போட்டிருந்தால் தெர்மாமீட்டரை நம்ப முடியாது. மூச்சை எண்ணுங்கள்: உட்காரவைத்து, எண்ணுவதைச் சொல்லாமல், முழுதாக 60 விநாடி. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 24-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். 30 என்றால் 108-ஐ அழையுங்கள். ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு 40 வந்தாலே காத்திருக்கக் கூடாது. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் வைத்திருப்பவர்கள் விரலைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைத்த பிறகு பாருங்கள். குளிர்ந்த விரலும் நகப்பூச்சும் தப்பான எண்ணைக் காட்டும். 94 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உடனே கிளம்புங்கள்.

கடையில் பல மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கும் ‘செட்’ மாத்திரை வேண்டவே வேண்டாம். அதில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தால் காய்ச்சல் அடங்கியதுபோல் தெரியும். உள்ளே கிருமி பெருகும். அசித்ரோமைசின் பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸைக் கொல்லாது. வீணாகத் தின்றால், நிமோனியா வரும்போது அந்த மருந்துக்குக் கிருமி மசியாமல் போகலாம்.

காய்ச்சல் இல்லாத வறட்டு இருமல் சில வாரம் நீடிப்பது உண்டு. ஆனாலும் இரண்டு வாரம் தாண்டினால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இருபுறமும் அரசு மருத்துவமனையில் இலவசம். குமுளியிலோ நெடுங்கண்டத்திலோ எடுத்த எக்ஸ்ரே ஃபிலிமைத் தூக்கிப் போடாமல் தேனிக்குக் கொண்டுவாருங்கள். முதல் நாள் படத்தில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புதிதாக வந்தது எது, பழைய தழும்பு எது என்று மருத்துவரால் பிரிக்க முடியும்.