அலைன்மென்ட் தாள் பச்சையாக இருந்தால் மட்டும் போதாது

இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் நான் வேலை செய்கிறேன். கடந்த மாதம் 1970களின் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஒன்று எங்களிடம் வந்தது. குளிர்காலம் முழுவதும் உரிமையாளர் தம் கையாலேயே அதன் முன்பக்கத்தை மாற்றி அமைத்திருந்தார். குட்டையான ஸ்பிரிங்குகளைப் போட்டு வண்டியை 50 மில்லிமீட்டர் தாழ்த்தியிருந்தார். ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ரேக் என்ற பாகத்தைத் தாங்கும் ரப்பர்களுக்குப் பதிலாக அலுமினியத் தாங்கிகளைப் பொருத்தி, அவற்றின் அடியில் வாஷர்களையும் அடுக்கியிருந்தார். கிராமத்துச் சாலையில் ஒரு சிறு பள்ளத்தில் இறங்கி ஏறியதும், ஸ்டீயரிங்கை அசைக்காமலே வண்டி எதிர்த்தடத்துக்குள் நுழைந்திருக்கிறது. எதிரே எந்த வண்டியும் வராததால் அவர் தப்பினார். வேறொரு பட்டறையில் எடுத்த வீல் அலைன்மென்ட் தாளை நீட்டி, எல்லா எண்களும் பச்சையில்தானே, அதாவது சரியான வரம்புக்குள்தானே இருக்கின்றன என்று கேட்டார். இந்த ஆண்டு இதே கேள்வியோடு வந்தவர்களில் அவர் நான்காவது ஆள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அலைன்மென்ட் எந்திரம் அசையாமல் நிற்கும் வண்டியை அளக்கிறது. சமதளத்தில் நிற்கும்போது சக்கரங்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதை மட்டுமே அது சொல்லும். ஓடும் வண்டியின் சக்கரமோ மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஸ்பிட்ஃபயரின் முன்சக்கரத்தை மேலும் கீழும் விஷ்போன் எனப்படும் இரண்டு கவைக் கைகள் பிடித்திருக்கின்றன. சக்கரம் மேலே ஏறும்போது அவற்றின் நீளமும் சாய்வும் தீர்மானிக்கும் ஒரு வளைகோட்டில்தான் அது நகரும். ரேக்கிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் டை ராட் என்ற தண்டின் வெளிமுனையும் தனக்கென ஒரு வளைகோட்டில் நகர்கிறது. இவ்விரண்டும் ஒத்துப்போகும்படி ரேக்கின் உயரத்தையும் டை ராடின் நீளத்தையும் வடிவமைத்தவர்கள் கணக்கிட்டுத்தான் வைத்தார்கள். ஒத்துப்போகாவிட்டால், சக்கரம் ஏறும்போது டை ராட் அதைத் தள்ளவோ இழுக்கவோ செய்யும். ஓட்டுபவர் கை அசைக்காமலே சக்கரம் திரும்பிவிடும். பட்டறைகளில் இதைத்தான் பம்ப் ஸ்டீர் என்கிறோம்.

வண்டியைத் தாழ்த்துவது என்றால், சக்கரத்தை அந்த வளைகோட்டின் மேல்பகுதியில் நிரந்தரமாகக் கொண்டுபோய் நிறுத்துவது என்று பொருள். நடுப்பகுதியில் ஒன்றையொன்று ஒட்டிச் செல்லும் இரு கோடுகளும் மேலே போகப்போக விலகுகின்றன. அந்த இடத்தில் டை ராடைத் திருகி டோ-இன்னை, அதாவது இரு சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவைச் சரிசெய்தால் தாள் பச்சையாகத்தான் வரும். ஆனால் அடுத்த பள்ளத்திலேயே அந்த எண்ணுக்கு அர்த்தம் போய்விடும். இதற்கு மேல் ரேக்கின் அடியிலும் வாஷரை அடுக்கினால், கணக்கின் மறுபாதியும் கலைந்துவிடுகிறது. வண்டியைத் தாழ்த்தினால் சாலையைக் கவ்விப் பிடிக்கும் என்று நம்புபவர்கள், சாலையை அது எந்தத் திசையில் பிடிக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

நாங்கள் அந்த வண்டியின் முன் ஸ்பிரிங்குகளைக் கழற்றி, ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டி, ஜாக்கியால் சக்கரத்தைப் பத்துப் பத்து மில்லிமீட்டராக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் டயல் கேஜ் என்ற நுண்ணளவுக் கருவியால் அளந்தோம். 60 மில்லிமீட்டர் ஏறுவதற்குள் ரிம்மின் விளிம்பில் 6 மில்லிமீட்டர் மாற்றம் தெரிந்தது. நிற்கும் வண்டிக்கு வேண்டிய டோ-இன்னே ஓரிரு மில்லிமீட்டர்தான். வாஷர்களை எடுத்து ரேக்கைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்து, பாதியளவே தாழ்த்தும் ஸ்பிரிங்குகளைப் போட்ட பிறகு அந்த மாற்றம் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கியது. ஒரு பலகை, இரண்டு டயல் கேஜ்கள், அரைநாள் பொறுமை இருந்தால் இதை யாரும் வீட்டிலேயே செய்யலாம்.

பம்ப் ஸ்டீரைப் பற்றிக் கேள்விப்பட்டதும், டை ராட் வந்து சேரும் ஸ்டீயரிங் ஆர்மைச் சூடாக்கி வளைத்துச் சரிசெய்யலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். சென்ற ஆண்டு ஒருவர் அப்படி வளைத்து, மேலே கருப்புப் பெயின்ட் பூசிக் கொண்டுவந்தார். பதப்படுத்திய எஃகைச் சூடாக்கினால் அதன் பலமே மாறிவிடும். அது உடைந்தால் பிறகு ஸ்டீயரிங் என்ற ஒன்றே இருக்காது. அந்த வண்டியை எங்கள் பட்டறையிலிருந்து ஓட்டிச் செல்ல நாங்கள் விடவில்லை.

இன்னொன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். புதிய ஷாக் அப்சார்பருக்கு நூற்றுக்கணக்கான பவுண்டுகள் செலவழிப்பவர்கள், சக்கரத்தைத் தாங்கும் தண்டின் கீழ்முனையில் இருக்கும் டிரனியன் என்ற மூட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஸ்பிட்ஃபயரில் கீழ்முனையில் பால் ஜாயின்ட் எனப்படும் உருண்டை மூட்டு கிடையாது. வெர்ட்டிகல் லிங்க் எனப்படும் எஃகுத் தண்டின் திருகுமரை, வெண்கல டிரனியனுக்குள் திரும்புகிறது. இதற்கு வேண்டியது கிரீஸ் அல்ல, ஈபி 90 கியர் ஆயில். எண்ணெய் மரையின் இடுக்குவரை இறங்கும். கிரீஸ் அங்கே போய்ச் சேராது. எண்ணெய் இல்லாத இடத்தில் தண்ணீர் புகுந்து எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் வண்டிக்கடியில் மடங்கிவிடும். இதே அமைப்பைத் தழுவிய லோட்டஸ் எலான் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். முன்பக்கத்தில் எதை மாற்றுவதானாலும், முதலில் வெர்ட்டிகல் லிங்கைக் கழற்றி மரையில் துருவோ விரிசலோ இருக்கிறதா என்று பாருங்கள். இடப்பக்க டிரனியனும் வலப்பக்க டிரனியனும் வேறுவேறு என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

விஷ்போன்களின் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, வண்டியின் எடை சக்கரங்களின் மேல் இறங்கிய பிறகே இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். உள்ளே நைலான் வளையம் கொண்ட நைலாக் நட்டை ஒருமுறை கழற்றினால் மறுபடியும் போடாதீர்கள். அகலமான சக்கரம் மாட்டினால், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி டயர் எங்கும் உரசவில்லை என்று உறுதிசெய்யுங்கள். ஸ்பிட்ஃபயரின் சக்கரங்கள் பெரும்பாலான கார்களின் சக்கரங்களை விட அதிகமாகத் திரும்பக்கூடியவை.

பிரிட்டனில் 40 ஆண்டுகள் கடந்த கார்களுக்கு 2018 மே மாதம் முதல் ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு என்றாலும், சஸ்பென்ஷன் அல்லது ஸ்டீயரிங்கின் வகையையே மாற்றுவது அந்த விலக்கைப் பறிக்கக்கூடிய பெரிய மாற்றமாகக் கருதப்படலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றங்களைத் தெரிவித்தாக வேண்டும். விலக்கு இருந்தாலும் இவ்வளவு மாற்றிய வண்டியை ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் கொண்டுபோவதே முறை என்பது என் கருத்து.

வேலை முடிந்ததும் ரேக்கின் உயரம், ஸ்பிரிங்கின் நீளம், ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகளின் எண்ணிக்கை, படிப்படியாக அளந்த டோ எண்கள் ஆகியவற்றைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி வண்டியின் ஆவணங்களோடு வையுங்கள். அடுத்து அந்த வண்டியைப் பிரிப்பவர் நீங்களாக இல்லாமல் போகலாம்.