சத்தத்தோடு சேர்ந்து ஏறும் சுருதி: பிள்ளைகளின் பேச்சுக் குரலைப் பழக்கும் வழி

பள்ளி ஆண்டு விழா மேடையில் ஒரு பிள்ளை பேசுகிறது. திரைக்குப் பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் "இன்னும் சத்தமா" என்று கையைக் காட்டுகிறார். பிள்ளையும் சத்தத்தைக் கூட்டுகிறது. கூடவே குரல் கீச்சென்று மேலே போய், போன இடத்திலேயே நின்றுவிடுகிறது. அதன் பிறகு கடைசி வரி வரைக்கும் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மேடைப் பயம் இதற்கு ஒரு காரணம்தான். பெரிய காரணம் தொண்டையின் அமைப்பு: காற்றை அழுத்தித் தள்ளினால் சுருதி தானாகவே ஏறும்.

குரல்வளைக்குள் முன்னிருந்து பின்னாக நீண்டு, பக்கத்துக்கு ஒன்றாகக் கிடக்கும் இரண்டு தசை மடிப்புகளைத்தான் குரல் நாண்கள் என்கிறோம். வளர்ந்த ஆணுக்கு இவை ஏறக்குறைய 17 முதல் 25 மில்லிமீட்டர் நீளம், பெண்ணுக்கு 12.5 முதல் 17.5 மில்லிமீட்டர். நுரையீரலிலிருந்து வரும் காற்று, மூடியிருக்கும் நாண்களைத் தள்ளித் திறக்கிறது. திறந்த கையோடு அவற்றின் மீள்விசையும் காற்றழுத்த மாற்றமும் சேர்ந்து மறுபடி மூடிவிடுகின்றன. நொடிக்கு எத்தனை முறை இப்படித் திறந்து மூடுகிறதோ, அத்தனை ஹெர்ட்ஸ் சுருதி. ஒவ்வோர் அதிர்வுக்கும் மூளை தனித்தனியாக நரம்புத் தூண்டல் அனுப்புகிறது என்று பிரான்சின் ரவுல் உசோன் 1950இல் வாதிட்டார். 1958இல் நெதர்லாந்தின் வான் டென் பெர்க் காற்றையும் தசையின் மீள்தன்மையையும் வைத்துத் தந்த விளக்கம்தான் நிலைத்தது. மூளை நாண்களை இழுத்துவைத்துக் கொடுக்கிறது, அதிரவைப்பது காற்று.

ஆண்கள் பேசும் சுருதி சராசரியாக 120 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். பாடகர்கள் சுருதியை ஆர்மோனியக் கட்டையை வைத்துச் சொல்வார்கள்; ஆண் பாடகர்களின் ஒரு கட்டை 131 ஹெர்ட்ஸ் என்பதால், பேச்சு அதற்குச் சற்றுக் கீழே. பெண்களுக்குச் சுமார் 200; பாடகிகள் பலர் வைத்துக்கொள்ளும் ஐந்து கட்டையும் (196 ஹெர்ட்ஸ்) அங்கேதான் இருக்கிறது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு 250 முதல் 300 வரை. வீட்டில் ஆர்மோனியமோ கீபோர்டோ இருந்தால், பிள்ளை சாவகாசமாகப் பேசும்போது குரல் எந்தக் கட்டையைச் சுற்றி வருகிறது என்று கேட்டுப் பார்க்கலாம். மேடையில் அந்த இடம் எவ்வளவு மேலே போகிறது என்பதையும் அதே கட்டைகளை வைத்தே சொல்லிவிடலாம்.

சுருதியை ஏற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நாண்களை இழுத்து நீட்டுவது. தொண்டையின் முன்பக்க மேட்டுக்குக் கீழே விரலை வைத்து மெல்ல இறக்கினால் சின்னப் பள்ளம் ஒன்று தட்டுப்படும். அதற்கும் கீழே வளையம் போன்ற குருத்தெலும்பு. விரலை அந்தப் பள்ளத்தில் லேசாக வைத்துக்கொண்டு "ஊ" என்று தாழத் தொடங்கி மேலே இழுத்துப் போனால் பள்ளம் சுருங்குவது தெரியும். மேல் குருத்தெலும்பும் கீழ் வளையமும் நெருங்கும்போது உள்ளே நாண்கள் நீள்கின்றன, மெலிகின்றன, வேகமாக அதிர்கின்றன. இதைச் செய்யும் தசை சின்னது, நுட்பமாகக் கட்டுப்படுத்தக்கூடியது.

இரண்டாவது வழி காற்றழுத்தம். சாதாரணப் பேச்சுக்கு நாண்களுக்குக் கீழே 5 முதல் 10 சென்டிமீட்டர் உயர நீர் தரும் அளவு அழுத்தம் போதும். இது ஒரு சென்டிமீட்டர் கூடினாலே சுருதி சில ஹெர்ட்ஸ் ஏறும். கத்தும்போது அழுத்தம் பல மடங்காகிறது, கழுத்துத் தசைகளும் இறுகுகின்றன. குரல் உச்சத்தை ஒட்டி நிற்கும்போது, முக்கியமான சொல் வந்தால் மேலே போக இடம் ஏது? அதனால்தான் "சத்தமா பேசு" என்று சொல்வதைவிட "வாயை நல்லாத் திறந்து, மெதுவாச் சொல்லு" என்பது பிள்ளைக்கு உதவும். தாடை நன்றாக இறங்கினால் அதே அழுத்தத்தில் ஒலி கூடுதலாக வெளியே வரும். மைக்கைக் கிட்டே வைத்தால் இந்தப் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும். இரைச்சலான வகுப்பறையில் ஆசிரியர் குரலுக்கும் இதே கதிதான். சுற்றிலும் சத்தம் கூடினால் பேசுபவர் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவதை பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இலேயே பதிவு செய்திருக்கிறார். வகுப்பு அமைதியாகும் வரை காத்திருந்து பேசும் ஆசிரியரின் தொண்டை தப்பிக்கிறது.

ஏற்ற இறக்கத்தை ஹெர்ட்ஸில் கணக்கிட்டால் ஏமாந்துபோவோம். 100இலிருந்து 150க்குப் போவதும் 200இலிருந்து 300க்குப் போவதும் காதுக்கு ஒரே தூரம்தான். ஆர்மோனியத்தில் கறுப்பு, வெள்ளை எல்லாவற்றையும் எண்ணினால் அடுத்தடுத்த கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் தூரத்தை அரைச்சுரம் என்று வைத்துக்கொள்ளலாம். 12 அரைச்சுரம் ஏறினால் அதிர்வு இரட்டிப்பாகும்; இந்தத் தூரம்தான் ஒரு ஸ்தாயி. இரண்டு மூன்று அரைச்சுரத்துக்குள்ளேயே சுற்றும் பேச்சு தட்டையாகக் கேட்கும். ஆர்வமாகக் கதை சொல்பவரின் குரல் ஒரு ஸ்தாயி முழுக்க உலாவிவிட்டு வரும்.

எடுத்தல், படுத்தல், நலிதல் என்று ஒலியின் ஏற்ற இறக்கங்களை நன்னூல் பிரித்துச் சொல்கிறது. ஆனால் அந்த ஏற்ற இறக்கம் தமிழ்ப் பேச்சில் என்ன வேலை செய்கிறது என்று பள்ளியில் யாரும் சொல்லித் தருவதில்லை. ஆங்கிலத்தில் குரலை மட்டும் உயர்த்தி ஒரு வாக்கியத்தைக் கேள்வியாக்கலாம். தமிழில் "வந்தான்" என்பதோடு "ஆ" சேர்த்தாலே கேள்வி வந்துவிடும். அழுத்திச் சொல்ல "தான்" இருக்கிறது, "ஏ" இருக்கிறது. ஆகவே நம் மொழியில் சுருதிக்கு இலக்கணச் சுமை குறைவு. பேசுபவரின் மனநிலையைச் சொல்வதும், புதிய செய்தி எது என்று காட்டுவதும், பேச்சு முடிந்ததா தொடர்கிறதா என்று உணர்த்துவதும் அதன் பெரிய வேலைகள். "சரி" என்ற ஒரு சொல் போதும். மேலிருந்து கீழே சட்டென்று இறங்கினால் "முடிவாயிற்று". கீழிருந்து மேலே ஏறினால் "ம், அப்புறம்?". ஏறி இறங்கி நீண்டால் "நம்பச் சொல்றியா?". தாழ்ந்த சுருதியில் தட்டையாக வந்தால் மனமில்லாத சம்மதம்.

தமிழில் ஒவ்வொரு சொற்றொடரும் பொதுவாகத் தாழத் தொடங்கி, முடியும் இடத்தில் ஏறும். வாக்கியம் முழுதாக முடியும்போதுதான் இறங்கும். பேச்சில் இது அளவோடு வந்து போகும். மனப்பாடம் செய்த வரிகளில் அளவு கெட்டுவிடுகிறது. ஒவ்வொரு துண்டும் அதே அளவு ஏறி, அதே இடத்தில் நிற்கிறது. ஒப்பிக்கும் ராகம் என்று நாம் கேலி செய்வது இதைத்தான். குறள் ஒப்பிக்கும்போது பிள்ளைகள் பொருள் பிரியும் இடத்தை விட்டுவிட்டு அடி முடியும் இடத்தில் நிறுத்துவதும் இதன் இன்னொரு முகம். பிழையில்லாமல் வேகமாகச் சொல்வதற்கு மட்டும் மதிப்பெண் போடும் போட்டிகளும் இந்தப் பழக்கத்தை வளர்க்கின்றன.

இன்னொரு தவறு வாக்கியக் கடைசியில் நடக்கிறது. பேசப் பேசக் காற்று குறைகிறது. சுருதியும் மெல்லச் சரிகிறது. இது எல்லா மொழிகளிலும் இயல்பு. ஆனால் காற்று அறவே தீர்ந்துவிட்டால் குரல் கரகரத்து, கடைசிச் சொல் விழுங்கப்பட்டுவிடும். தமிழில் வினை வருவது அங்கேதான். "அவன் நாளைக்குப் பணம் கொண்டுவந்து தர" வரை கேட்டு, மீதி "மாட்டான்" என்பதா "வேண்டும்" என்பதா தெரியாமல் போனால் வாக்கியமே வீண். வாக்கியத்தைச் சின்னதாக்குவதும், மூச்சு முட்டும் முன்பே நிறுத்தி எடுப்பதும்தான் தீர்வு. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு மூச்சுக்கு நான்கைந்து சொல் போதும். பெரியவர்கள் எழுதிக் கொடுக்கும் மேடைப் பேச்சில் இதை யாரும் பார்ப்பதே இல்லை. பதினைந்து சொல் வாக்கியத்தைக் கொடுத்துவிட்டுக் குரலைக் குறை சொல்கிறோம்.

பிள்ளைகள் சொற்களைக் கற்பதற்கு முன்பே சுருதியைக் கற்றுவிடுகிறார்கள். கருவறைக்குள் மெய்யெழுத்துகளின் நுணுக்கம் எட்டாது. தாய்க் குரலின் ஏற்ற இறக்கம் எட்டும். பிறந்து 2 முதல் 5 நாள் ஆன 30 பிரெஞ்சுக் குழந்தைகள், 30 ஜெர்மன் குழந்தைகளின் அழுகையைப் பதிவு செய்து 2009இல் வெளிவந்த ஆய்வில், பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை ஏறுமுகமாகவும் ஜெர்மன் குழந்தைகளின் அழுகை இறங்குமுகமாகவும் இருந்தன. அந்தந்த மொழியின் போக்கும் அதுதான். நாம் கொஞ்சும்போது குரலை உயர்த்தி, இழுத்து, அகலமாக ஏற்றி இறக்குவதைக் குழந்தை விரும்பிக் கேட்கிறது. "அடடா, யாரு இது!" என்பது ஏறி இறங்கும்; "தொடாத" என்பது தாழ்ந்து வெட்டும். பொருள் புரியாத வயதிலேயே இந்த வேறுபாடு பிடிபட்டுவிடும்.

அதனால் பேச்சுத் தொனி முழுக்கப் புரிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. சொல் ஒன்றாகவும் குரல் வேறாகவும் இருந்தால் நாலு வயதுப் பிள்ளை பெரும்பாலும் சொல்லைத்தான் நம்பும். பாலைக் கொட்டிய பிள்ளையிடம் "ரொம்ப நல்ல காரியம் பண்ணின" என்று குத்தலாகச் சொன்னால் அது பாராட்டாகவே போய்ச் சேரலாம். குரலின் பக்கம் எடை சாய்வது அதற்கும் சில ஆண்டுகள் கழித்துத்தான்.

பயிற்சியைக் காதிலிருந்து தொடங்குவது நல்லது. தன் குரலைத் தானே கேட்டு, நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவு நேரத்திலேயே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு மூளையில் இருக்கிறது. காதுக்கு வேறுபாடு தெரியாவிட்டால் அந்தத் திருத்தம் நடக்காது. முதல் வாரம் பெரியவர் "சரி"யை நாலு விதமாகச் சொல்ல, பிள்ளை மனநிலையைக் கண்டுபிடிக்கட்டும். முகம் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் முதுகைக் காட்டிக்கொண்டு சொல்ல வேண்டும். பத்தில் எட்டு சரியாகச் சொன்ன பிறகு முறையை மாற்றி, பிள்ளை சொல்ல நாம் கண்டுபிடிக்கலாம்.

அடுத்து தொண்டைக்கு. ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி, உறிஞ்சுகுழலை 2 சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு, அதன் வழியாக "ஊ" என்று ஒலி எழுப்பச் சொல்லுங்கள். குமிழி சீராக வர வேண்டும். அப்படியே தாழ்ந்த சுருதியிலிருந்து மேலே போய்க் கீழே இறங்க வேண்டும்; ஐந்தாறு முறை, மொத்தம் இரண்டு நிமிடம். வாயில் சேரும் எதிரழுத்தம் நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதாமல் பார்த்துக்கொள்ளும், அதனால் கழுத்தை இறுக்காமலே மேல் சுருதிகள் கிடைக்கும். குமிழி விட்டுவிட்டு வந்தால் காற்று சீராக இல்லை. குமிழி வந்தும் ஒலி இல்லை என்றால் பிள்ளை வெறுமனே ஊதுகிறது. குழலை அதிக ஆழம் விட்டால் கன்னம் உப்பி, தொண்டை முக்கத் தொடங்கும்.

அழுத்தம் எந்தச் சொல்லில் விழ வேண்டும் என்பதற்கு, "இங்கே ஏத்து, அங்கே இறக்கு" என்று சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் பலிப்பதில்லை. கேள்வி கேட்பது பலிக்கும். "மீனா நேத்து மாம்பழம் வாங்கினா" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். "யாரு வாங்கினா?", "எப்ப வாங்கினா?", "என்ன வாங்கினா?" என்று மாற்றி மாற்றிக் கேட்டு, ஒவ்வொரு முறையும் முழு வாக்கியத்தையே பதிலாகச் சொல்லச் சொல்ல வேண்டும். கேட்ட சொல்லின் மேல் குரல் தானாகப் போய் நிற்கும். நிற்காவிட்டால் வேண்டுமென்றே தப்பாகக் கேட்கலாம்: "ராணியா வாங்கினா?" திருத்தும் வேகத்தில் "மீனா" ஏறிவிடும். மேடைப் பேச்சுக்கும் இதே வழிதான். தாளின் ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று எழுதிவைத்துப் பழகினால் ஒப்பிக்கும் ராகம் பெரும்பாலும் உடைந்துவிடும். புதிய பத்தி தொடங்கும்போது ஒரு மூச்சு எடுத்து, முந்தைய வரி முடிந்ததைவிட மேலே தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் பேச்சு முழுவதும் ஒரே நீண்ட வாக்கியம்போலக் கேட்கும்.

கதை படிக்கும்போது சிங்கத்துக்கும் எலிக்கும் குரல் மாற்றுவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மூன்று நாலு அரைச்சுரம் மாறினாலே கேட்பவருக்குப் பாத்திரம் பிரிந்துவிடும். வேகத்தையும் மாற்றினால் இன்னும் தெளிவு. தொண்டையை நெரித்து உறும வேண்டாம்.

முன்னேற்றத்தைக் கண்ணால் பார்க்க, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய பிராட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிவைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்து கணினியில் திறந்தால் சுருதி கோடாகத் தெரியும். பிள்ளைக் குரலுக்குக் கீழெல்லையை 150 ஹெர்ட்ஸ், மேலெல்லையை 600 என்று வைக்கலாம். கோடு திடீரென்று சரிபாதிக்கு விழுந்தாலோ இரட்டிப்புக்குத் தாவினாலோ அது பெரும்பாலும் மென்பொருளின் தவறு. இடையிடையே கோடு அறுவதைக் கண்டு பதற வேண்டாம்: "க்க", "ட்ட", "ப்ப" போன்ற இடங்களில் நாண்கள் அதிர்வதில்லை, அங்கே சுருதியே கிடையாது.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதை ஒட்டிப் பையன்களின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கும். பெண் பிள்ளைகளுக்கும் மூன்று நாலு அரைச்சுரம் இறங்கும், ஆனால் யாரும் கவனிப்பதில்லை. நாண்கள் மாதக்கணக்கில் நீண்டுகொண்டே போவதால் பழைய தசைக் கணக்கு பொருந்தாமல் குரல் தாவும். அந்த நாட்களில் குழல் பயிற்சியை நடுச் சுருதிகளோடு நிறுத்திக்கொள்ளலாம். பேச்சுப் போட்டிக்கு அனுப்பலாம், உச்சக் குரலில் முழங்கச் சொல்லக் கூடாது. எந்த வயதிலும் குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்; கத்திக் கத்தி நாண்களில் சின்ன முடிச்சுகள் விழுவது பிள்ளைகளிடம் சாதாரணம். பெரும்பாலும் அறுவை தேவைப்படாது, பேச்சுப் பயிற்சியிலேயே குணமாகும். எவ்வளவு விளையாடிப் பார்த்தும் குரல் தட்டையாகவே இருந்தால், "சரி"களின் வேறுபாடும் பிடிபடவில்லை என்றால், பயிற்சியைத் தொடர்வதற்கு முன் செவித்திறன் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. காதில் குறை இல்லையென்றால் பேச்சு மொழிச் சிகிச்சையாளரைப் பார்க்கலாம்.